பெட்டி வந்த வீடு

என் தம்பி இக்னேஷியஸ் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போதே அவன் வீட்டு வாசலுக்குப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவள் நான். அதற்காக இன்றுவரை அவன் என்னை மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

சாந்தோமில் எங்களுக்கு ஆர்மோனியமும் பெட்டிதான், செத்தால் படுக்கவைத்து ஆணி அடிப்பதும் பெட்டிதான். எந்தப் பெட்டி என்று யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான் வாங்கியது பியானோ. அதையும் தெருவில் எல்லோரும் பெட்டி என்றார்கள். இத்தனை வினையும் அந்த ஒரு வார்த்தையால் வந்தது என்று இக்னேஷியஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். வார்த்தையால் வரவில்லை. அவனால் வந்தது.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய வருஷம் அது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஏதோ மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது. ஆக விடவில்லை. தம்பி மனைவி மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு டைபாய்டில் போய்ச் சேர்ந்தபோது, "நீ இல்லாட்டி நோரா அநாதை, அக்கா" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதான் இக்னேஷியஸ். அழுது முடித்ததும் எழுந்தான். அப்பா ஆண்பிள்ளை என்று அவன் பேருக்கு எழுதிவைத்த வீட்டில், அப்பாவின் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றுமுதல் குழந்தை எனக்கு, சமையல் எனக்கு, என் சம்பளம் வீட்டுக்கு. என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னை வெளியே எங்கே போகிறாய் என்று கேட்பான். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

பியானோ ஆசை அந்த வயதில் திடீரென்று முளைத்ததல்ல. நான் கான்வென்ட்டில் படித்த காலத்தில் பியானோ வகுப்புக்குத் தனிச் சம்பளம் கட்ட வேண்டும். அப்பா எனக்குக் கட்டவில்லை. இக்னேஷியஸுக்கு மட்டும் வயலின் வாங்கிக் கொடுத்தார். அவன் அதன் வில்லை எடுத்துக் காக்கை விரட்டினான். நான் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்று மற்ற பெண்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே யாராவது தப்பாக வாசித்தால், என்னை விட்டால் சரியாக வாசிப்பேனே என்று அழுகை வரும். அது தலைக்கனம்தான். வாசிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் அவர்களைவிட மோசமாக வாசிப்பேன் என்று.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஐவி. ஆறாம் வகுப்பில் கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாமல் என்னிடம் பெஞ்சு மேல் நின்றவள். வளர்ந்து, மாதா கோயிலில் பூசைக்கு ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவளைப் பிடித்து, "எனக்குச் சொல்லிக்கொடுப்பியா?" என்று கேட்டேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, அவள் சிரித்தால் திட்டுவதற்கும் தயாராக இருந்தேன். அவள் சிரிக்கவில்லை. "நகத்தை வெட்டிக்கிட்டு வாங்க டீச்சர்" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டபின் அங்கே ஹாலில் கிடந்த பியானோவில் பாடம். "மணிக்கட்டைத் தொங்கவிடாதீங்க டீச்சர். கட்டையைக் குத்தாதீங்க டீச்சர், அது உங்களை ஒண்ணும் பண்ணலை." விரல்கள் மரத்துப்போன கரண்டிகளாட்டம் இருந்தன. வலது கை சொன்னபடி கேட்டால் இடது கை முறைத்துக்கொள்ளும். ஆனாலும் ஒருநாள், எட்டே வரி, இரண்டு கையும் சேர்ந்து கடைசிவரை போய் முடித்தபோது, ஹாலில் இருந்த நாற்காலிகளையெல்லாம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது. மறுவாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "அது பிள்ளைங்க கத்துக்கறதுக்கு மிஸ் மர்சலின்" என்றார். அதோடு அது போயிற்று.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாக்கட்டியால் கட்டைகள் வரைந்தேன். வெள்ளைக் கட்டைக்குக் கோடு, கறுப்புக் கட்டைக்குக் கரி. சத்தமே இல்லாத பியானோ. ஐவி எழுதிக் கொடுத்ததை வைத்து அதில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். இக்னேஷியஸ் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தான். ஈரத்துணி எடுத்து வந்து, என் கை இருக்கும்போதே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துடைத்தான்.

"சோறு திங்கற எடத்துல என்ன கிறுக்கல் இது? பேரப்பிள்ளை எடுக்கற வயசுல."

எனக்கு ஏது பேரப்பிள்ளை? அன்று இரவு சோற்றை அவனுக்குப் போட்ட விதத்தில் தட்டு உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

அடுத்த மாதம் என் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. பியானோ வாங்கப்போகிறேன் என்றேன். என் பணம் என்பதால் அவனால் கூடாது என்று சொல்ல முடியவில்லை. அதனால், "ஆம்பளை இல்லாம ஏலத்துக்கா போவே?" என்று கூடவே கிளம்பினான். நான் ஐவியையும் கூட்டிக்கொண்டேன்.

அடையாற்றில் ஒரு பங்களா. துரை குடும்பம் கப்பலேறிவிட்டது. சாமான்கள் எல்லாம் வராந்தாவில் சீட்டு ஒட்டி நின்றன. நடுவில் ஒரு பியானோ. முகம் தெரியும் மெருகு, முன்னால் மெழுகுவத்தி வைக்கப் பித்தளைக் கைகள் இரண்டு, தங்க எழுத்து. இக்னேஷியஸ் அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி இரண்டு சுற்று சுற்றினான்.

ஐவி அதைச் சுற்றவில்லை. வரும் வழியிலேயே எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். வெளி மெருகைப் பார்க்கக் கூடாது. ஒரு கட்டை விடாமல் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்க வேண்டும், போன கட்டை திரும்பி வருகிறதா என்று. உள்ளே கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் சட்டம் முழுக்க இரும்பா, பாதி மரமா என்று பார்க்க வேண்டும். மரம் நம் ஊர் உப்புக்காற்றுக்குத் தாங்காது. மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும். நான் அமுக்கினேன். நாலைந்து கட்டைகள் போன இடத்திலேயே நின்றுவிட்டன. ஐவி முழங்கால் போட்டு உட்கார்ந்து, காலால் அமுக்கும் மிதிகளுக்கு மேலிருக்கும் பலகையைக் கழற்றினாள். உள்ளே கரையான் மண்ணால் தெருவே போட்டிருந்தது.

"டீச்சர், இது வேணாம்."

"பலகையை மூடும்மா" என்றான் இக்னேஷியஸ். "ஹால்ல நிறுத்தினா எவ்வளவு எடுப்பா இருக்கும்! உள்ளே யார் பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்" என்றேன்.

"நீ பாத்து?"

அந்த 'நீ பாத்து'வுக்கு அங்கேயே நாலு வார்த்தை கொடுத்திருக்க வேண்டும். ஏலக்காரன் முன்னால் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் வாங்கியது கச்சேரி ரோட்டை ஒட்டிய தெருவில், வக்கீல் பத்ரிநாராயணன் வீட்டில். அவர் பெண் என் வகுப்பில் படித்தவள். ஹாலில் தடுப்புப் போட்டு மூத்த மகனுக்கு ஆபீஸ் வைக்கப்போவதால் பியானோவை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மெருகெல்லாம் போய் வெளுத்திருந்தது. மேல்பலகையில் குங்குமமும் மஞ்சளும் அப்பிக் கிடந்தன. கால்கள் நாலும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நின்றன. வக்கீலின் மனைவி கோமளம் மாமி சொன்னார்:

"இவர் யாரோ கட்சிக்காரர்கிட்டேர்ந்து வாங்கிண்டு வந்தார். நம்ம பாட்டுக்கு இது ஒத்து வராது, கமகம் பேசாதுன்னுட்டார். அப்புறம் நவராத்திரிக்கு இதும்மேலதான் மேல்படி. மரப்பாச்சி, செட்டியார், தசாவதாரம் எல்லாம் இங்கேதான் உக்காந்துண்டிருக்கும்."

ஐவி பலகைகளைக் கழற்றினாள். முழு இரும்புச் சட்டம். கரையான் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் காப்பாற்றியிருக்கிறது. சுருதி மட்டும் கன்னாபின்னா என்று இறங்கியிருந்தது. அதைச் சரிபண்ணிவிடலாம் என்றாள். நான் ஒவ்வொரு கட்டையாக அமுக்கினேன். எல்லாமே திரும்பி வந்தன. நடுவில் ஏழெட்டுக் கட்டைகள் மட்டும் மற்றவற்றைவிட வழவழவென்று தேய்ந்திருந்தன.

"இதை யாரோ வாசிச்சிருக்காங்களே" என்றேன்.

கோமளம் மாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவர் கோர்ட்டுக்குப் போனப்புறம் ஒத்தை விரல்லே தட்டிண்டிருப்பேன். ஒருநாள் சீக்கிரம் வந்துட்டார். ஆத்துல சினிமாக் கொட்டகையா நடத்தறேன்னார். அதுலேர்ந்து தொடலை." பிறகு என் பக்கம் திரும்பினார். கோபத்தில் குரல் தணிந்திருந்தது. "எடுத்துண்டு போங்கோ டீச்சர். குறைச்சே குடுங்கோ, போறும். ஆனா ஒண்ணு. அதும்மேல பொம்மையை வெச்சுடாதேங்கோ."

இனி பெட்டி வந்த கதை. வண்டிக்காரர் தணிகாசலம் கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி, பியானோவை மல்லாக்கப் படுக்கவைத்துக் கயிறு கட்டினார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. போர்த்த ஒன்றும் இல்லை. ஐவி ஓடிப்போய்க் கோயில் சாமான் அறையிலிருந்து ஒரு பெரிய கறுப்புத் துணியைக் கொண்டுவந்தாள். சாவுப் பூசையில் தூம்பா என்கிற சவப்பெட்டிமேல் போர்த்தும், வெள்ளைச் சிலுவை தைத்த பழைய துணி. "சிலுவையை உள்பக்கமா மடிச்சுட்டேன் டீச்சர், ஒண்ணும் தெரியாது" என்றாள். ஒரு ரிக்‌ஷாக்காரரிடம், "பெட்டி வருதுன்னு வீட்டுல சொல்லுப்பா, வாசலை ஒழிச்சு வைக்கச் சொல்லு" என்று முன்னால் சொல்லி அனுப்பினேன்.

வண்டி நகர்ந்தது. வெள்ளைப் புடவையில் குடை பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்; பள்ளிக்கூடத்துக்கு எனக்கு எப்போதும் வெள்ளைதான். எனக்குப் பின்னால் ஐவி. கச்சேரி ரோட்டில் ஒருவர் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜட்கா ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது. மயிலாப்பூர் ஜனங்களுக்கு இவ்வளவு மரியாதை எப்போது வந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். காற்றில் துணி புரண்டு வெள்ளைச் சிலுவை வெளியே வந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் திரும்பினால் ஒரே கூட்டம். ரிக்‌ஷாக்காரர் 'பெட்டி வருது' என்று கத்தியிருக்கிறார். முந்தின வாரம் முழுக்க இக்னேஷியஸ் காய்ச்சலில் கிடந்தது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு ஹாஜிரா பீ தலையில் அடித்துக்கொண்டு என்மேல் விழுந்தார்.

"யா அல்லா! யாரும்மா போனது? ஐயாவா? நேத்துகூட கஞ்சி குடிச்சாரேம்மா!"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு பனியனோடு இக்னேஷியஸ் வந்து நின்றான். ஹாஜிரா பீ வீறிட்டார். தணிகாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா சார், நீதானா அது? நல்லாத்தானே கீறே!" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்துச் சிரித்த சிரிப்பு, அடக்கவே முடியவில்லை.

"உசுரோட இருக்கறப்பவே எனக்குப் பெட்டி கொண்டாந்துட்டா" என்று அவன் ஒரு வாரம் முணுமுணுத்தான். அவன் ஆபீஸிலிருந்து வருவதற்குள் நான் வாசித்து முடித்துவிட வேண்டும், தலைவலியாம். முடித்தேன். அந்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. கட்டையில் விரல் வைத்தால் சத்தம் வருகிறது, சாக்கட்டி இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அவனுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பியானோவைப் பார்த்துவிட்டு அவனை ஒரு படி மேலே வைத்துப் பேசினார்கள். உடனே ஆள் கூட்டிவந்து மெருகு போட்டான். மேலே லேஸ் துணி விரித்தான். அதன்மேல் காகிதப் பூ ஜாடி, அவன் போட்டோ, நோரா சின்னதில் விளையாடிய கண் மூடித் திறக்கும் பொம்மை. நான் எடுத்து அலமாரியில் வைப்பேன். மறுநாள் பொம்மை திரும்ப அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் நோராவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை லியோனார்ட், பாங்கியில் உத்தியோகம். அப்பா ஸ்தனிஸ்லாஸ் செகரட்டேரியட்டில் பெரிய வேலை. வீடு தியாகராய நகரில். பெண் பார்க்க வந்தபோது நான் சமையலறையில் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் பேசுவது காதில் விழுந்தது.

"பியானோ இருக்கே! பொண்ணு வாசிக்குமா?" இது ஸ்தனிஸ்லாஸின் மனைவி.

"வாசிப்பாளே! இன்னிக்கு விரல்ல சின்ன காயம்" என்றான் என் தம்பி.

நோராவின் விரலில் காயம் எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு கட்டையின் பேர்கூடத் தெரியாது. கொஞ்ச நேரம் நகை, புடவை என்று பேச்சுப் போயிற்று. பிறகு அந்த அம்மாள் கேட்டது:

"பெட்டியும் பொண்ணோடவே வந்துரும் இல்லே?"

கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டேன். இக்னேஷியஸ் என் பியானோவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, தன் மாட்டைத் தட்டிக்கொடுப்பவன்போல் தட்டினான்.

"அதுல என்ன சந்தேகம்? பொண்ணு போற எடத்துக்குப் பெட்டியும் போகும்."

எண்ணெய் தீய்ந்து புகைகிற வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டு என் பியானோவைக் குடுத்தே?"

"அவங்க வாயைத் திறந்து கேட்டாங்க. இல்லேங்கச் சொல்றியா? பொண்ணு வாழ்க்கை."

"அது என் காசு. என்னோடது."

"இந்த வீட்டுல என்னோடது, உன்னோடதுன்னு எப்பக்கா வந்தது?"

எப்போது வந்தது என்று சொன்னேன். அப்பா பத்திரம் எழுதிய நாளில் வந்தது என்றேன். அவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டான். அவனோடு பேசுவதற்கு அந்தக் கரையான் பிடித்த பியானோவோடு பேசலாம்.

அவன் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. மறுநாள் இரவு நோரா வந்தாள். நான் எடுத்து வளர்த்த பெண். முதல் சிலுவை போடக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது நான். பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த என் தோளில் கை வைத்தாள்.

"விட்டுக்குடுங்களேன் அத்தை. எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. இதுக்காகத் தட்டிப்போயிருமோன்னு பயமா இருக்கு. உங்களுக்கு இனிமே எதுக்கு அத்தை இதெல்லாம்?"

என்ன கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு. இத்தனை வருஷமும் நான் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தேனோ, அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பெண் இது. அத்தை என்றால் விட்டுக்கொடுப்பவள் என்று நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பூகோளம் மாதிரி, வருஷா வருஷம், மறக்காமல்.

"போய்ப் படு" என்றேன். அதற்குமேல் பேசினால் கையை ஓங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நிச்சயதார்த்தம் டிசம்பர் முதல் ஞாயிறு. ஹால் நிறைய ஜனம். பியானோமேல் லேஸ் துணி, ஜாடி, பொம்மை, எல்லாம் தத்தம் இடத்தில். அதன் முன்னால் முக்காலியில் இக்னேஷியஸ் நோராவை உட்காரவைத்திருந்தான், கட்டைகள் மேல் மூடியை மூடி. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும்படி. பட்டுப்புடவையில் இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு பொம்மை, கீழே ஒரு பொம்மை. கோமளம் மாமியின் குரல் என் காதில் கேட்டது.

தட்டு மாற்றப்போகும் சமயம். ஸ்தனிஸ்லாஸின் மனைவி புன்சிரிப்போடு சொன்னார்: "பெட்டியை மட்டும் கல்யாணத்துக்கு முந்தின நாளே அனுப்பி வெச்சிட்டா எங்களுக்குச் சௌகரியம்."

"அனுப்பிட்டாப் போச்சு" என்றான் இக்னேஷியஸ்.

நான் முன்னால் வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. கையில் காப்பித் தட்டு இருந்தது, அதை யார் மடியில் வைத்தேனோ!

"அனுப்பறோம்" என்றேன். "முதல்ல என்னை ஒரு பெட்டியில வெச்சு ஆணி அடிங்க. அப்புறமா வந்து இந்தப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் இது என்னோடது. என் காசுல நான் வாங்கினது. நான் வாசிக்கறது. இவளுக்கு இதுல ஒரு கட்டைகூடத் தெரியாது."

அந்த அம்மாள் என்னையும் பியானோவையும் மாறி மாறிப் பார்த்தார். மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"மாதாவே! இதையா? நான் கேட்டது துணிப் பெட்டிங்க! பொண்ணு புடவை, துணிமணி வெக்கற பெட்டி. நாங்க இருக்கறது மாடி வீடு. குறுகல் படி. இதை எங்கே ஏத்தறது? யாரு கேட்டா இதை?"

யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு என் தம்பி என்னுடையதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். பெருமைக்கு. இவர்கள் கேட்டிருந்தாலாவது, பேராசை பிடித்தவர்கள் என்று அவர்களைத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான்.

நோரா அழுதுகொண்டே எழுந்து உள்ளே ஓடினாள். முக்காலி காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். ஜாடியை எடுத்துத் தரையில் வைத்தேன், அவன் போட்டோவைக் கவிழ்த்தேன், பொம்மையை அவன் கையிலேயே கொடுத்தேன். மூடியைத் திறந்து வாசித்தேன். ஐவியின் எட்டு வரி. மூன்றாவது வரியில் தப்பு, ஐந்தாவதில் இடது கை எங்கோ போய்விட்டது. நிறுத்தவில்லை. தப்புகளோடேயே கடைசிவரை போனேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஓரத்தில் நின்ற ஐவி மட்டும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிற்கவில்லை. ஸ்தனிஸ்லாஸின் மனைவி உள்ளே போய் நோராவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார், தட்டு மாற்றினார்கள், கேக் சாப்பிட்டார்கள், போனார்கள்.

கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் இக்னேஷியஸ் வந்து மூடியை ஓங்கி அறைந்தான். மயிரிழையில் விரல்களை இழுத்துக்கொண்டேன்.

"ஜனங்க முன்னாடி என்னைக் கொன்னுட்டே. இந்தப் பெட்டி இனிமே என் வீட்டுல இருக்கக் கூடாது."

"இருக்காது" என்றேன். "நானும்தான்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "போய் எங்கே இருப்பே?" என்றான். அப்போதும், இருந்துவிடு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. சமையலுக்கு ஆள் தேட வேண்டுமே என்ற கவலை மட்டும் முகத்தில் ஓடியது. பார்த்தேன். என்னிடம் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சப் பாசமும் அப்போது போய்விட்டது.

தேனாம்பேட்டையில் ஐவியின் அம்மா வீட்டில் முன்னறை ஒன்று வாடகைக்கு இருந்தது. தரைத்தளம், வாசல் அகலம். சனிக்கிழமை தணிகாசலம் வண்டியோடு வந்தார். "இன்னாம்மா, வந்த பெட்டி திரும்பிப் போய்க்கினு கீது?" என்றபடி வைக்கோலைப் பரப்பினார். அன்றும் தூறல். ஐவி அதே கறுப்புத் துணியைப் போர்த்தினாள். சிலுவையை உள்ளே மடிக்கப் போனவளை, இருக்கட்டும் விடு என்றேன். நோரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கல்யாணத்துக்கு வருவேன் என்று மட்டும் சொன்னேன். இக்னேஷியஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான்.

ஹாஜிரா பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"மறுபடியுமா? இந்த வாட்டி யாரும்மா போனது?"

"நான்தான் ஹாஜிரா பீ" என்றேன்.

அவர் என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். என் தம்பிக்காக அன்று அழுததைவிட அதிகமாக அழுதார்.

நான் குடையை விரித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன். கச்சேரி ரோட்டில் ஒரு பெரியவர் நின்று தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை நான் தலையசைத்து அதை வாங்கிக்கொண்டேன்.